இடைவேளை இல்லாத பல்கலைக்கழகம்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறை மாவட்டத்தில் அமைந்துள்ள சிறு நகரம் சுங்கை பாக்காப். பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே செல்லும் பழைய நெடுஞ்சாலை, சிம்பாங் அம்பாட்டைக் கடந்து இவ்வூரின் வழியாகச் சென்று ஜாவியையும் நிபோங் திபாலையும் அடைகிறது. 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வந்தனர். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வல்டோர்ப் பகுதியில் தொழிற்சாலைகளும் எழுந்தன. தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். அவர்களுள் சிலருக்குப் பல்கலைக்கழகம் தொலைவில்கூட இல்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001ஆம் ஆண்டு முதல் நிபோங் திபாலில் இயங்கி வருகிறது. சுங்கை பாக்காப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால் அரை மணி நேரத்திற்குள் அங்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்த அரை மணி நேரப் பயணம் நின்றுபோனது.

மார்ச் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 16ஆம் நாள் இரவு, அப்போதைய பிரதமர் டான் ஸ்ரீ முகிடின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். மார்ச் 18 முதல் பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், வழிபாட்டுத் தலங்கள், பெரும்பாலான வணிகங்கள் ஆகியவை மூடப்பட்டன. அறிவிப்புக்கும் ஆணை நடப்புக்கு வந்த நாளுக்கும் இடையில் ஒரே ஒரு முழு நாள்தான் இருந்தது. விடுதியில் தங்குவதா, வீட்டுக்குப் போவதா என்பதை மாணவர்கள் அந்த ஒரு நாளில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பேருந்து நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. ஆணை மார்ச் 31 வரை மட்டுமே என்று முதலில் சொல்லப்பட்டதால், பலர் இரண்டு வாரத்திற்கான துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினர். புத்தகங்களும் குறிப்பேடுகளும் விடுதி அறையிலேயே கிடந்தன.

இரண்டு வாரம் நான்கு வாரமானது, நான்கு ஆறானது. மே 27ஆம் நாள் உயர்கல்வி அமைச்சு, அவ்வாண்டு டிசம்பர் 31 வரை, சில விதிவிலக்குகள் தவிர, எல்லாப் பல்கலைக்கழகப் பாடங்களும் இயங்கலையில் நடைபெறும் என அறிவித்தது. எந்தத் தேதியில் முடியும் என்று தெரிந்த துன்பத்தை மனம் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். தேதி தள்ளிக்கொண்டே போனால் அது தடுமாறும். பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்களின் மனநலம் பாதிக்கப்பட்டதை ஆராய்வோர், நோய் அச்சத்தோடு இந்த நிச்சயமின்மையையும் சேர்த்தே பார்க்கின்றனர்.

அக்காலத்துச் சுங்கை பாக்காப் வீடு ஒன்றைக் கற்பனையில் காணலாம். அப்பா தொழிற்சாலை ஊழியர். இரண்டு படுக்கையறைகள், ஐந்து பேர். மூத்த மகள் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவி. தம்பி ஐந்தாம் படிவம். தங்கை தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. காலை எட்டு மணிக்கு மூவருக்கும் வகுப்பு. வீட்டில் இருப்பது ஒரு பழைய மடிக்கணினியும் இரண்டு திறன்பேசிகளும். மடிக்கணினி அக்காளுக்கு, ஒரு திறன்பேசி தம்பிக்கு, அப்பா வேலைக்குப் போகாத நாளில் மற்றொன்று தங்கைக்கு. விரிவுரையாளர் கேள்வி கேட்கும் நேரம் பார்த்துச் சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும். அவள் ஒலிவாங்கியை அணைத்துவிடுவாள். பின்னால் தெரியும் சுவரில் சாயம் உரிந்திருப்பதால் ஒளிப்படக் கருவியையும் அணைத்துவிடுவாள். அதன்பின் அவளுடைய வகுப்புத் தோழர்களுக்கு அவள் ஒரு கறுப்புக் கட்டம். அவளுக்கு அவர்களும் கறுப்புக் கட்டங்கள்.

இந்த வீடு கற்பனைதான். ஆனால், இதில் சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் நாடெங்கும் பல வீடுகளில் நடந்தது. சபா மாநிலத்தின் பித்தாஸ் மாவட்டத்தில், இணைய அலை கிடைக்காத கம்பத்து மாணவி ஒருவர் 2020 ஜூன் மாதம் தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மேல் ஏறி இரவு முழுவதும் தங்கிய செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. அவருடைய மன உறுதியைப் பலரும் பாராட்டினர். பாராட்டத்தக்கதுதான். எனினும், ஒரு மாணவி தேர்வு எழுத மரமேற வேண்டியிருந்தது என்பது பாராட்டோடு முடிந்துவிடக்கூடிய செய்தி அன்று.

பல்கலைக்கழகம் என்றவுடன் விரிவுரை, நூலகம், தேர்வு ஆகியவை நினைவுக்கு வரும். இவை மூன்றும் ஏதோ ஒரு வடிவில் இணையத்தின் வழி வீட்டுக்கே வந்துவிட்டன. வராதது ஒன்று உண்டு. அதுதான் இவற்றுக்கு நடுவே இருந்த நேரம். ஒரு விரிவுரை முடிந்து அடுத்த மண்டபத்திற்கு நடந்து போகும் பத்து நிமிடம். சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நிற்கும் வேளை. மழை விடட்டும் என்று கூரையின்கீழ் நான்கு பேர் காத்திருக்கும் நேரம். இரவு விடுதியில் மெகி மீ கொதிக்கும்வரை நடக்கும் பேச்சு. எந்தப் பாட அட்டவணையிலும் இவை இடம்பெறுவதில்லை. யாரும் இவற்றுக்கு மதிப்பெண் தருவதில்லை. பெருந்தொற்று வந்தபோது இவை போய்விட்டன என்று யாரும் அறிவிக்கவும் இல்லை.

இந்த நேரம் மனத்துக்கு என்ன செய்கிறது? விரிவுரை முடிந்து வெளியே வரும் மாணவன், "இன்றைக்கு நடத்தியது உனக்குப் புரிந்ததா?" என்று தோழனைக் கேட்கிறான். "ஒன்றும் புரியவில்லை" என்று அவன் சிரிக்கிறான். கேட்டவனுக்கு அந்த நொடியிலேயே பாதிப் பயம் விலகிவிடுகிறது. தான் மட்டும் பின்தங்கவில்லை என்பதை அவன் தெரிந்துகொள்கிறான். இயங்கலை வகுப்பில் இதற்கு இடமில்லை. அறுபது கறுப்புக் கட்டங்களும் அமைதியாக இருக்கின்றன. "கேள்வி உண்டா?" என்று விரிவுரையாளர் கேட்கிறார். யாரும் பேசவில்லை. மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் புரிந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கின்றனர். 'வெளியேறு' என்ற பொத்தானை அழுத்தியவுடன் வகுப்பு முடிகிறது. கேட்பதற்குப் பக்கத்தில் தோழன் இல்லை. அந்த ஐயம் அன்று இரவு வரையிலும் உடன் இருக்கிறது.

புலனக் குழுக்கள் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. அவை நாள் முழுதும் ஒலித்தன. ஆனால், குழுவில் எழுதுவதற்கு முதலில் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது. சிற்றுண்டிச்சாலையில் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்திருக்க முடியும். முகம் வாடியிருப்பதைப் பார்த்து மற்றவரே கேட்பார். வாடிய முகத்தைப் புலனத்தில் யாரும் பார்ப்பதில்லை.

திரை வழி கற்பதே ஏன் இவ்வளவு களைப்பைத் தந்தது என்பதையும் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெயிலென்சன் 2021ஆம் ஆண்டு இதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். பல முகங்களை மிக அருகில், நீண்ட நேரம் நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருத்தல். தன் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருத்தல். இருந்த இடத்தை விட்டு அசைய முடியாமை. தலையசைப்பு, கையசைவு போன்ற குறிப்புகளைத் திரையில் கண்டுகொள்ள மூளை கூடுதலாக உழைத்தல் ஆகியவையே அவை. நாள் முழுவதும் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவரோடு பேசுவது எவ்வளவு சலிப்பாக இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இரண்டாவது காரணம் எளிதில் விளங்கும்.

உடலும் தன் பங்குக்குத் தடுமாறியது. காலை வெளிச்சத்தில் வெளியே செல்வது, நடப்பது, குறித்த நேரத்தில் உண்பது ஆகியவற்றைக் கொண்டே உடல் தன் உள்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. வளாகத்தில் இருந்தபோது மாணவர்கள் தங்களை அறியாமலே இவற்றைச் செய்தனர். வீட்டில் படுக்கையே வகுப்பறையானது. இடுபணியை நள்ளிரவுக்குள் அனுப்பினால் போதும் என்ற ஏற்பாடு, இரவைப் படிப்பு நேரமாக்கியது. வீடு அடங்கிய பிறகுதான் இணையமும் வேகமாக வந்தது, அமைதியும் கிடைத்தது. அதிகாலை மூன்று மணிக்குத் தூங்கி எட்டு மணி வகுப்புக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும் பழக்கம் பலரிடம் வேரூன்றியது. தூக்கம் குலைந்தால் மனநிலை குலையும். மனநிலை குலைந்தால் தூக்கமும் வராது. இரண்டில் எது முதலில் தொடங்கியது என்பதைக் கண்டுபிடிப்பது கடினம்.

மலேசிய மாணவர்களின் நிலையை அந்தத் தொடக்கக் கட்டத்திலேயே அளந்து பார்த்த ஆய்வுகளுள் ஒன்று, ஷீலா சுந்தரசென் தலைமையிலான குழுவினருடையது. 2020 ஏப்ரல் 20 முதல் மே 24 வரை, நாட்டின் பல்கலைக்கழக மாணவர்கள் 983 பேரிடம் இயங்கலை வழி கேள்விகள் கேட்கப்பட்டன. அவர்களுள் 20.4 விழுக்காட்டினர் குறைந்த அளவு முதல் மிதமான அளவு வரையிலான பதற்றத்திலும், 6.6 விழுக்காட்டினர் கடுமையான பதற்றத்திலும், 2.8 விழுக்காட்டினர் மிகக் கடுமையான பதற்றத்திலும் இருந்தது தெரியவந்தது. கூட்டிப் பார்த்தால் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர். ஆண்களைவிடப் பெண்களிடமும், குடும்பத்தோடு இருந்தவர்களைவிடத் தனியாகத் தங்கியிருந்தவர்களிடமும் பதற்றம் கூடுதலாக இருந்தது. இது கட்டுப்பாட்டின் முதல் பத்து வாரங்களுக்குள் எடுக்கப்பட்ட கணக்கு என்பதை மறக்கக் கூடாது. நீண்ட காலம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாணவர்களை வாட்டிய முதன்மையான காரணங்களையும் அவ்வாய்வு பதிவு செய்தது. பண நெருக்கடி, இயங்கலைக் கல்வி, படிப்பும் வேலையும் என்னவாகும் என்ற கவலை ஆகிய மூன்றும் அதில் முன்னணியில் நின்றன. முதல் காரணத்தைச் சுங்கை பாக்காப் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூடுதல் நேர வேலையை நம்பியே தொழிற்சாலை ஊழியர் பலரின் குடும்பக் கணக்கு ஓடுகிறது. 2020 மே மாதம் நாட்டின் வேலையின்மை விகிதம் 5.3 விழுக்காடாக உயர்ந்தது. வீட்டில் கூடத்தில் அமர்ந்து படிக்கும் பிள்ளையின் காதில், அடுத்த மாத வாடகையைப் பற்றிப் பெற்றோர் தாழ்ந்த குரலில் பேசுவதும் விழும். விடுதியில் இருந்திருந்தால் அது விழுந்திராது. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா என்ற எண்ணம் பலருக்கு அங்கிருந்துதான் தொடங்கியது. உணவு கொண்டுசேர்க்கும் பணியில் சேர்ந்து, வகுப்பைச் செவிப்பொறியில் கேட்டபடியே மோட்டார் சைக்கிள் ஓட்டிய மாணவர்களும் இருந்தனர்.

விடுதியிலேயே தங்கிவிட்டவர்களின் நிலை வேறு. முதல் கட்டுப்பாட்டின்போது வளாகத்தை விட்டு வெளியே செல்ல அவர்களுக்குத் தடை இருந்தது. உணவு கிடைத்தது, ஆனால் ஆள் நடமாட்டம் இல்லை. ஏப்ரல் 27 முதல்தான் அரசாங்கம் அவர்களைக் கட்டங்கட்டமாக வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அக்டோபர் தொடக்கத்தில் மற்றொரு குழப்பம். புதிய தவணைக்காக மாணவர்கள் பயணத்தைத் தொடங்கிவிட்ட நேரத்தில், நேரடிப் பதிவை ஒத்திவைக்குமாறு உயர்கல்வி அமைச்சு ஆலோசனை கூறியது. பெட்டிகளோடு புறப்பட்டவர்களுள் பலர் பாதி வழியில் திண்டாடினர். நவம்பர் 14ஆம் நாள் தீபாவளி வந்தபோது பினாங்கு உள்படப் பெரும்பாலான மாநிலங்களில் மீண்டும் கட்டுப்பாடு. மாவட்டம் கடக்க அனுமதியில்லாததால், கோலாலம்பூரில் இருந்த பிள்ளையின் தீபாவளி திறன்பேசித் திரையில் கழிந்தது. 2021 ஜனவரி 13 முதல் பினாங்கில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மறுபடியும் நடப்புக்கு வந்தது. அம்மாத இறுதியில் வந்த தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடிகள் செல்லவில்லை.

தனிமைப்படுத்தல் என்பது பினாங்குத் தமிழர்களுக்குப் புதியதன்று. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்திற்கும் இடையில், பாலத்திலிருந்து பார்த்தால் தெரியும் ஜெரெஜாக் தீவில், 19ஆம் நூற்றாண்டிலேயே தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. கப்பலில் வந்த தொழிலாளர்கள் அங்கே இறக்கப்பட்டு, நோய் இல்லை என்று உறுதியான பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அது துயரமான இடம்தான். ஆனாலும், அங்கே அவர்கள் கூட்டமாக இருந்தனர். ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒன்றாகக் காத்திருந்தனர். 2020இல் நேர்ந்த தனிமை வேறு வகையானது. ஒவ்வொருவரும் தத்தம் அறையில், எல்லாரோடும் தொடர்பில் இருந்தவாறே தனித்திருந்தனர்.

இந்தக் காலத்தில் மாணவர்களுக்கு ஊக்கமூட்ட எண்ணி அடிக்கடி சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. 1665இல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் பரவியபோது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. ஐசக் நியூட்டன் தம் சிற்றூருக்குத் திரும்பினார். அங்கே இருந்த காலத்தில்தான் நுண்கணிதம், ஒளி, ஈர்ப்பு ஆகியவை பற்றிய பெரும் சிந்தனைகளை வளர்த்தார் என்பது அக்கதை. செய்தி உண்மைதான். ஆனால், நியூட்டனுக்குத் தாயாரின் பண்ணை வீடு இருந்தது, பட்டப்படிப்பும் முடிந்திருந்தது, காலை எட்டு மணிக்கு வருகைப் பதிவு இல்லை. ஒரே மேசையை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இருக்கும் மாணவியிடம் இக்கதையைச் சொன்னால், 'நியூட்டன் அவ்வளவு செய்தார். என்னால் ஓர் இடுபணியைக்கூட முடிக்க முடியவில்லையே' என்றுதான் அவளுக்குத் தோன்றும். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட சொல்லும் சுமையாவதுண்டு.

சொற்களைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். 'எப்போதும் படுத்தே கிடக்கிறாள்', 'சோம்பேறியாகிவிட்டான்', 'திறன்பேசியே கதி' என்பன அக்காலத்தில் வீடுகளில் அடிக்கடி கேட்ட சொற்கள். மனநலத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று நிலைகளைப் பிரித்தறிவது பயன் தரும். தேர்வு நெருங்கும்போது தோன்றி, தேர்வு முடிந்தவுடன் தணிவது மன அழுத்தம். காரணம் தெளிவாக இல்லாமலே நெஞ்சு படபடத்து, நடக்காத ஒன்றை எண்ணி அஞ்சிக்கொண்டே இருப்பது பதற்றம். முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும் நாட்டமின்றி, உடல் கனத்து, வாரக்கணக்கில் தொடரும் துயரம் மனச்சோர்வு. 1995இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லோவிபாண்ட் என்ற குடும்பப்பெயருடைய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட வினாப்பட்டியல் இம்மூன்றையும் தனித்தனியே அளக்க உதவுகிறது. அதன் 21 கேள்விகள் கொண்ட வடிவம் மலேசியாவிலும் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. படுத்தே கிடப்பவர் சோம்பேறியா, மனச்சோர்வில் இருப்பவரா என்பதை வாசலில் நின்று பார்ப்பவரால் சொல்லிவிட முடியாது.

2021 ஜூன் 1 முதல் நாடு முழுவதும் மீண்டும் முழு அளவில் முடக்கப்பட்டது. அம்மாத இறுதியில், உணவின்றித் தவிக்கும் குடும்பங்கள் வீட்டுக்கு வெளியே வெள்ளைத் துணியைத் தொங்கவிடும் இயக்கம் பரவியது. கேட்க வெட்கப்பட வேண்டாம். கொடியைத் தொங்கவிட்டால் போதும். அக்கம்பக்கத்தார் உதவுவார்கள் என்பதே அதன் கருத்து. பல இடங்களில் அரிசியும் முட்டையும் வந்து சேர்ந்தன. பசியைச் சொல்ல ஒரு துணி போதுமானதாக இருந்தது. மனத்தின் நிலையைச் சொல்ல அப்படியொரு வழி அன்று மாணவர்களிடம் இல்லை.

உதவி இல்லாமல் இல்லை. ஆணை தொடங்கிய மார்ச் மாதத்திலேயே சுகாதார அமைச்சும் மெர்சி மலேசியா அமைப்பும் சேர்ந்து மனநல ஆதரவுத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கின. துயரத்தில் இருப்பவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் 'பிஃப்ரெண்டர்ஸ்' அமைப்பு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நாட்டில் இயங்கி வந்தது. பல்கலைக்கழக ஆலோசகர்களும் இயங்கலை வழி மாணவர்களைச் சந்தித்தனர். ஆனால், நேரில் சந்திப்பதில் இல்லாத ஓர் இடர்ப்பாடு இதில் இருந்தது. வளாகத்தில் ஆலோசகரின் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் மகள் தொலைபேசியில் ஆலோசகரிடம் பேசுவது எங்கே? கூடத்தில் பேசினால் அம்மா கேட்பார். அறையில் தங்கை இருக்கிறாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேச வேண்டும். இல்லையென்றால் வாசலில் நிறுத்திய காருக்குள் அமர்ந்து பேச வேண்டும். சேவை இருப்பது ஒன்று. அதைப் பயன்படுத்த ஓர் இடம் இருப்பது மற்றொன்று.

எல்லா மாணவர்களும் துன்புற்றனர் என்று கூறுவதும் பிழையாகும். பேருந்துப் பயணம் மிச்சமானதால் நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. கூட்டத்தில் பேசக் கூச்சப்பட்டவர்கள் அரட்டைப் பெட்டியில் துணிந்து கேள்வி கேட்டனர். பதிவு செய்யப்பட்ட விரிவுரையை மூன்று முறை கேட்டுப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. பாட்டியின் இறுதி மாதங்களில் உடனிருக்கும் வாய்ப்பு இதனால் கிடைத்தது என்று எண்ணுபவர்களும் உண்டு. வேறு சிலருக்கோ, மரணத்தில்கூட நெருங்க முடியாமல் போனது. கோவிட்டால் இறந்தவர்களின் இறுதிச் சடங்கில் மிகச் சிலரே கலந்துகொள்ள முடிந்தது. தந்தையையோ தாயையோ அவ்வாறு வழியனுப்பிவிட்டு, மறுவாரம் இடுபணியை அனுப்பிய மாணவர்களின் துயரம் எந்த விழுக்காட்டுக்குள்ளும் அடங்காது.

உலக அளவிலும் கணக்குகள் வந்தன. 2020 ஏப்ரலில் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக மூடல்களால் உலகில் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ தெரிவித்தது. பெருந்தொற்றின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் 25 விழுக்காடு கூடின என்றும், இளையோரும் பெண்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் கூறியது. மலேசியாவில் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு, 2019இல் 2.3 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு இருந்ததாகக் காட்டியது. 2023இல் அது 4.6 விழுக்காடாக இருந்தது. அதாவது, நான்கே ஆண்டுகளில் இருமடங்கு. இதற்குப் பெருந்தொற்று மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வெளிப்படையாகப் பேச மக்கள் முன்வந்ததும் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம்.

பேச முன்வருவதற்கு நாடும் சில வாயில்களைத் திறந்தது. 2022 அக்டோபரில் சுகாதார அமைச்சு 15555 என்ற 'ஹீல்' மனநல உதவித் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதி, ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்த தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. உயிரை வெறுக்கும் அளவுக்குத் துயரத்தில் இருப்பவருக்குத் தேவை மருத்துவமும் துணையும் என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. அரசாங்கச் சுகாதார மருந்தகங்களிலும் மனநலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். காய்ச்சலுக்குச் செல்வதைப் போலவே பதிவு எண் வாங்கிக் காத்திருந்து மருத்துவரைப் பார்க்கலாம்.

2021 அக்டோபர் 11 முதல், தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள் மாநிலம் கடக்க அனுமதிக்கப்பட்டனர். அதே மாதத்திலிருந்து மாணவர்கள் கட்டங்கட்டமாக வளாகங்களுக்குத் திரும்பினர். திரும்பினர் என்ற சொல் எல்லாருக்கும் பொருந்தாது. 2020இல் சேர்ந்தவர்களுள் பலர் தங்கள் பல்கலைக்கழகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தனர். பெயருக்கு இரண்டாம் ஆண்டு மாணவர்கள். நூலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாதுகாவலரிடம் வழி கேட்டனர். ஓராண்டாக ஒரே குழுவில் இடுபணி செய்தவர்கள் சிற்றுண்டிச்சாலையில் எதிரெதிரே அமர்ந்திருந்தும் ஒருவரையொருவர் அடையாளம் காணவில்லை. முகத்தில் முகக்கவரி வேறு. யாராவது ஒருவர் தண்ணீர் கேட்கவோ நாற்காலியை நகர்த்தச் சொல்லவோ வாயைத் திறப்பார். அந்தக் குரலைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் சட்டென நிமிர்ந்து பார்த்து, "நீயா அது?" என்று கேட்பார். அடுத்த விரிவுரைக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்.